எட்டாவது வழி

1

இந்தக் கதை ஒரு சமையலறைக் குழாய் ஒழுகியதால் வந்தது. வேறு பெருமையான காரணம் எதுவும் இல்லை. வாராவாரம் ஒரு பத்திரிகையில் வீட்டுக் குறிப்பு எழுதிப் பிழைக்கிறவன் நான். கறை போக்குவது, கரப்பான் விரட்டுவது, இப்படி. குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர் மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் எழுதறது நீங்கதானா சார்?" என்று கேட்டார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார்.

'வெளியே உட்காரும் இடத்தில் கொசு அண்டாமலிருக்க எட்டு இயற்கை வழிகள்.' நான் எழுதியதுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தி சாயும் வேளையில், எலுமிச்சைப் புல்லின் மணம் கமழ, அவள்..."

(அடித்துவிட்டேன். நான் அழகாக எழுதினால் எங்கோ எதையோ விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஆறாம் பகுதியில் புரியும்.)

சரி, இப்படி: பிளம்பரின் மனைவிக்கு மூச்சிரைப்பு. கொசுவர்த்தி கொளுத்தினால் இருமி இருமிக் கண் செருகிவிடும். மருந்தும் அடிக்க முடியாது. வீட்டுக்குள் காற்று கிடையாது. பின்னால் நாலு நாற்காலி போடும் அளவுக்கு ஒரு சிமெண்ட் தளம் உண்டு. சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்கே உட்கார வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். கொசு விடவில்லை.

3

பிளம்பர் எதையும் ஏனோதானோ என்று செய்கிறவர் அல்ல. குறிப்புகளை வரிவரியாக நிறைவேற்றினார். வெள்ளை பல்பைக் கழற்றி மஞ்சள் பல்பு மாட்டினார். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கிராம்பு குத்தி வைத்தார். மேஜை விசிறியை அவள் கால் பக்கம் திருப்பினார். (கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. உருப்படியான குறிப்பு இது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.) எலுமிச்சைப் புல், புதினா, செண்டுமல்லி என்று பதினான்கு தொட்டிகள் வாங்கிச் சுற்றிலும் அடுக்கினார்.

"இது என்ன வீடா, நர்சரியா?" என்றாளாம்.

"நீ பேசாம உக்காரு. மூச்ச நல்லா இழுத்து விடு."

"ஏங்க, எட்டுன்னு போட்டுட்டு ஏழுதான் இருக்கு. எட்டாவது எங்க?"

"அச்சடிக்கறப்ப விட்டிருப்பாங்க."

"அதெல்லாம் இல்ல. எட்டாவது நீங்கதான். அந்தப் பேப்பர மடிச்சு விசிறிக்கிட்டே இருங்க."

ஆறு மாதம் அவள் வெளியே உட்கார்ந்தாள்.

4

இந்த இடத்தில் எனக்கு இவர்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல கணவன் கதைக்கு ஆகமாட்டார், ஒரு குறையாவது வேண்டும். நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை, அவரே பெருமையாகச் சொன்னார்.

முப்பது வருடமாக ஊரார் வீட்டுக் கசிவை நிறுத்துகிறவருக்குத் தன் வீட்டுத் தரை நனைந்தால் மானம் போய்விடும். அதனால் ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் ஆழமான தட்டு வைத்திருந்தார்.

"பதினாலு தொட்டி சார். ஒரு சொட்டு கீழ விழுந்ததில்ல. தட்டுல எப்பவும் தண்ணி நிக்கும், செடி வேணுங்கறப்ப குடிச்சுக்கும்."

நான் அந்தத் துண்டை வாங்கி ஏழாவதற்குக் கீழே பார்த்தேன்.

5

ஏழாம் மாதம் அவளுக்குக் காய்ச்சல். கொசுக்கடியால் வருவது என்றார்கள். ஒன்பது நாள்தான் இருந்தாள்.

[ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று இரண்டு பக்கத்துக்கு இருந்தது. எடுத்துவிட்டேன். கடைசியாக அவள் கேட்டது ஜன்னலைத் திறக்கச் சொல்லி. அது மட்டும் இருக்கட்டும்.]

"வெளிய எங்கயோ கடிச்சிருக்கு சார். நம்ம வீட்ல சான்ஸே இல்ல," என்றார் பிளம்பர், புது வாஷரைப் பொருத்திக்கொண்டே. அவள் வாசலைத் தாண்டுகிறவளே இல்லை என்று கொஞ்சம் முன்னால்தான் சொல்லியிருந்தார்.

6

எட்டாவது வழி இருந்தது. நான் எழுதியிருந்தேன்: 'தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். காய்ச்சல் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.'

பக்கத்தில் படத்தைப் பெரிதாக்கினார்கள். இரண்டு வரி குறைக்கச் சொன்னார்கள். 'மாலைக் காற்றில் புல்லின் மணம் மனதை வருடும்' என்று இரண்டு வரி வேறு இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது, வைத்துக்கொண்டேன். எட்டாவதை எடுத்தேன். தலைப்பை மாற்ற மறந்தேன்.

அவளைக் கடித்தது அந்தத் தட்டில் பிறந்த கொசுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இதை எனக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொண்டாயிற்று. ஒரு தடவைகூட மனசு ஆறவில்லை.

7

முடிவு ஒன்று: அவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். (எழுதிப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் எழுத முடியவில்லை.)

முடிவு இரண்டு: யார் பேரும் இல்லாமல், அடுத்த வாரக் குறிப்பில் தட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதையும் கத்தரித்துப் பழைய துண்டோடு வைத்துக்கொள்வார். தண்ணீரை அறிந்த மனிதர், இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

முடிவு மூன்று: இதைக் கதையாக எழுதுகிறேன். அவர் கதை படிக்கிறவர் இல்லை. அதனால்தான் கதையாக எழுதுகிறேன். கோழை என்பீர்கள். ஆமாம்.

இங்கேயே நிறுத்துவதாகத்தான் இருந்தேன்.

8

இன்று காலை அவரே வந்துவிட்டார். கையில் ஒரு எலுமிச்சைப் புல் தொட்டி.

"உங்களாலதான் சார் அவ ஆறு மாசமாச்சும் காத்தாட உக்காந்தா. அதான் ஒண்ணு உங்களுக்கு. தட்டும் கொண்டாந்திருக்கேன், உங்க தரை கெட்டுடக் கூடாதுல்ல."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. குழந்தைய பின்னாடி அந்தத் தொட்டிங்களுக்கு நடுவுலதான் படுக்க வைக்கணும், நல்ல காத்து. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். என் சம்சாரம் இருந்தவரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பா." மடித்த துண்டைப் பிரித்து மேஜையில் வைத்தார். "அந்த எட்டாவது என்ன சார்?"

எதிரில்தான் இருக்கிறார். காத்திருக்கிறார். இன்றைக்கு வியாழன்.

நீங்கள் சொல்லுங்கள், என்ன வார்த்தையில் ஆரம்பிக்கட்டும்? எனக்கு அழகாக மட்டும்தான் எழுத வரும்.