மணி ஓய்ந்த பிறகு வந்த பெட்டி

பொலிவியாவின் மலை நகரமான லா பாஸில் ஜனவரி இருபத்து நான்காம் தேதி பொம்மைச் சந்தை. நாம் ஆசைப்படுவதை விரலளவு பொம்மையாக யாராவது வாங்கி, நண்பகல் மணி அடித்து முடிவதற்குள் நம் கையில் தந்துவிட்டால் அந்த வருஷமே பலிக்கும். நமக்கு நாமே வாங்கினால் பலிக்காது. போன வருஷம் அம்மா தந்தது குட்டிப் பட்டச் சான்றிதழ். நிலவியலில் தேறிவிட்டேன்.

இந்த வருஷம் நான் கேட்டது ஒரு பயணப் பெட்டி. சிலியில் சுரங்க வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். கடலோர ஊர். நான் கடலையே பார்த்ததில்லை.

"பெட்டி எதுக்கு வில்மா? வீட்லதான் பீரோ இருக்கே."

"பீரோவைத் தூக்கிட்டு பஸ் ஏறச் சொல்றியா?"

"இந்த வாய்க்குத்தான் பட்டம் குடுத்தாங்க போல!" என்று அம்மா ஒரு குட்டிப் பள்ளிக்கூடத்தை வாங்கி நீட்டினாள். எங்கள் தெருப் பள்ளியில் டீச்சர் வேலை காலியாம்.

தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பன்னிரண்டும் அடித்து ஓய்ந்தது. அதற்கப்புறம்தான் அம்மா இடுப்பு மடியிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கேட்டியே, இந்தா," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

காலையிலிருந்தே மடியில் இருந்திருக்க வேண்டும். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது.