வேருக்கும் மின்விசிறிக்கும் நடுவே

சின்னவனுக்குக் கடைசியாக நினைவிருப்பது ஒரு மரவேர். மழையில் நனைந்து வழுவழுவென்று பாதைக்குக் குறுக்கே கிடந்தது. அதன்மேல் முன்சக்கரம் ஏறியது. அதற்கு அடுத்து நினைவிருப்பது ஆஸ்பத்திரிக் கூரையில் சுற்றும் மின்விசிறி. வேருக்கும் மின்விசிறிக்கும் நடுவே ஒரு மணி நாற்பது நிமிடம் போயிருந்தது என்றார்கள். அவனைப் பொறுத்தவரை அது ஒரு கண்சிமிட்டல்.

வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்டுப்பாதையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கான பந்தயம் அது. இரண்டு பேர் சோடியாக ஓட்ட வேண்டும். பதினோரு வருஷமாக அவனுக்குச் சோடி அண்ணன்தான்.

"மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கு. எலும்பு எதுவும் உடையல. ரெண்டு நாள் படுத்தே இருக்கணும். போன் பார்க்காதீங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்குக் கார் ஓட்டி வந்த அண்ணன் வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அது புதிதில்லை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று கம்பிவடத்தைத் தடவிப் பார்க்கிறவன். சின்னவன் பல் செட் செய்கிற லேபில் மெழுகும் அச்சு வார்க்கும் மாவுமாகக் குனிந்தே கிடப்பவன். இரண்டு பேருக்கும் பேச்சு என்பது ஸ்பேனர் மாதிரி, தேவைப்பட்டால்தான் வெளியே வரும். ஆனால் மௌனத்திலும் ரகம் உண்டே. இது எந்த ரகம் என்று சின்னவனுக்குப் பிடிபடவில்லை. அண்ணன் கியர் மாற்றும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தான். முகம் மூடிய கதவாக இருந்தது.

அவனை மாடி அறையில் படுக்கவைத்துவிட்டு அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில என்னையே ஒன்பது தடவை கேட்டீங்க. 'நாம ஜெயிச்சமா, நாம ஜெயிச்சமா'ன்னு. எல்லைக் கோட்டைத் தாண்டவே இல்ல, இதுல ஜெயிக்கிறதாம்."

"வேற ஏதாவது சொன்னேனா?"

"எங்கிட்ட இல்ல. நான் வர்ற வரைக்கும் உங்க அண்ணன்தானே கூட இருந்தாரு."

அவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். "அதைச் சொல்லிட்டனோ?"

அவள் கை நின்றது. "சொல்லியிருந்தா நல்லதாப் போச்சு. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள்தாங்க இருக்கு."

ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில் ஒரு பெரிய லேப். அங்கே ஒரு பிரிவுக்கே அவன் தலைவனாகப் போகிறான். வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நான்கு முறை கீழே அண்ணன் வீட்டுக்குப் படியிறங்கியிருக்கிறான். இந்த மாடியை இவர்களுக்காக எழுப்பியதே அண்ணன். லீவு நாளெல்லாம் முட்டி போட்டு ஒவ்வொரு டைலாகப் பதித்தவன். அந்த முட்டியைப் பார்த்ததும் வேறு எதையாவது கேட்டுவிட்டு மேலே ஏறிவிடுவான். பந்தயம் முடியட்டும், முடிந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று அன்று காலைகூட மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பந்தயம் முடியவே இல்லை.

இரவெல்லாம் அந்த இடைவெளியைத் துழாவினான். மேல்தாடை அச்சும் கீழ்த்தாடை அச்சும் கையில் இருக்கின்றன, நடுவே ஒரு பல்கூட இல்லை. எதை வைத்துக் கடித்துப் பார்ப்பது? சொல்லியிருந்தால் அண்ணனின் மௌனம் கோபம். சொல்லாவிட்டால் அது வெறும் கவலை. இரண்டும் பார்க்க ஒன்றாகவே இருந்தன.

மறுநாள் காலை சலூன்காரர் வந்தார். பந்தயத்தன்று அவன் விழுந்த வளைவில் வாலண்டியராக நின்றவர் அவர்தான். பிளந்துபோன ஹெல்மெட்டை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி. கண்ணாடி அலமாரியில வைங்க. உங்க மண்டை பிளக்க வேண்டியது, இது பிளந்துடுச்சு."

"நான் எப்படி வெளியே வந்தேன்?"

"நடந்துதான். ஆம்புலன்ஸ் வண்டி காட்டுக்குள்ள வராதே. ரோடு வரைக்கும் மூணு கிலோமீட்டர், உங்க அண்ணன் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்க. அடிபட்டவன் கண் சொக்கிடக் கூடாது, வண்டி வர்ற வரைக்கும் பேச வச்சுக்கிட்டே இருக்கணும், அது எங்க சைக்கிள் கிளப் சட்டம். உங்க அண்ணன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். அப்பா! அந்த மனுஷன் வாயில இவ்வளவு பேச்சு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எங்கிட்ட பத்து வருஷமா முடி வெட்டிக்கிறாரு. 'சின்னதா'ன்னு ஒரு வார்த்தை, அதோட கண்ணை மூடிக்குவாரு."

"என்ன பேசிக்கிட்டோம்?"

"ரெண்டு சைக்கிளையும் தள்ளிக்கிட்டு நான் முன்னாடி போயிட்டேன். ஒண்ணும் கேக்கல. ஆனா ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், உங்க அண்ணன் அழுதுக்கிட்டு வந்தாரு. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினா சிரிச்சுக்கிட்டு வர்றாரு. நீங்களும் சிரிக்கிறீங்க. யாருக்கு மண்டையில அடின்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

அவர் போனபிறகு சின்னவன் இன்னும் குழம்பினான். அண்ணன் அழுதால் நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். சிரித்தால்? கேட்டுவிட்டுச் சிரிக்கிற விஷயமா அது? தம்பி பிழைத்தானே என்று அழுது, பிழைத்தானே என்று சிரித்திருக்கலாம். எப்படிப் புரட்டினாலும் இரண்டு பக்கமும் எழுத்தில்லாத காகிதமாகவே இருந்தது.

பிற்பகலில் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். கீழே பின்பக்க அறையில் அண்ணன் கோணிப்போன முன்சக்கரத்தைத் தாங்கியில் மாட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி நேராக்கிக்கொண்டிருந்தான்.

"படி இறங்கக் கூடாதுன்னாங்கள்ல?"

"அண்ணே, பாதையில நான் ஏதாவது சொன்னேனா?"

அண்ணன் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது ஒரு பக்கமாக வளைந்து வளைந்து ஓடியது. "நாம ஜெயிச்சமான்னு கேட்ட."

"அது இல்ல."

சக்கரம் நிற்கும்வரை அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு தடவை சொன்ன" என்றான்.

சின்னவன் சுவரில் சாய்ந்தான்.

"பேச வைக்கணும்னாங்க. எனக்கு என்னடா பேசத் தெரியும்? அடுத்த வருஷ ரேஸுக்கு அகலமான டயர் போடலாமாடான்னு கேட்டேன். 'அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேண்ணே'ன்னு சொன்ன. ஊரு, வேலை, தேதி, எல்லாம் கடகடன்னு சொன்ன. எனக்கு வந்துச்சு பாரு கோபம், வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ நல்ல பிள்ளையாத் தலையை ஆட்டினே. ரெண்டே நிமிஷம், 'நாம ஜெயிச்சமா'ன்னு ஆரம்பிச்சுட்ட. திட்டினது ஒண்ணும் உள்ள போகல. சரி, அடிபட்ட தலை, உளறுதுன்னு திரும்ப டயர் பத்திக் கேட்டுப் பார்த்தேன். திரும்ப அதே பதில். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வேற சொல்லுவான்னு பார்ப்பேன். தேதிகூட மாறல."

"நீ என்ன சொன்ன?"

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொன்னேன். கெஞ்சினேன். மூணாவது தடவை அழுகைதான் வந்துச்சு. ஒரு தடவை, 'அப்போ மாடி டைல்ஸையும் பெயர்த்து எடுத்துக்கிட்டுப் போடா'ன்னேன். அதுக்கு நீ சிரிச்ச. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு."

"ஏழாவது தடவை?"

"நான் பதில் சொல்றதுக்குள்ள வண்டி வந்துடுச்சு."

சின்னவன் திகைத்து நின்றான். தான் இல்லாத இடத்தில் தனக்கும் அண்ணனுக்கும் பெரிய சண்டையே நடந்து முடிந்திருக்கிறது. கடைசியில் சமாதானம் ஆனதா? தெரியவில்லை. தனக்கு ஒரு மாதமாகச் சொல்ல வாய் வராததைக் காட்டுப்பாதையில் ஏழு முறை சொன்ன அந்த இன்னொரு சின்னவன்மேல் அவனுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"இன்னும் எனக்குத் தெளியல" என்றான் அண்ணன். "உண்மையா, உளறலான்னு உன் பொண்டாட்டியைக் கேட்டிருக்கலாம். கேக்கல. நீ தெளிஞ்சதும் உங்கிட்டயே கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன்." கம்பியில் திருகியை மாட்டினான், ஆனால் திருப்பவில்லை. "அடுத்த வருஷம் அகலமான டயர் போடலாமாடா?"

என்ன உளறினேனோ என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், இன்னும் பதினேழு நாள் கிடைக்கும். அண்ணன் அந்தப் பொய்யைத்தான் கேட்கிறானா? முகத்தைப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. தலை விண்விண்ணென்று தெறித்தது.

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேண்ணே."

தன் குரலில் அதை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்டான்.

"தேதி?"

"ஒண்ணாம் தேதி."

"அதேதான்" என்று அண்ணன் தலையசைத்தான். கம்பிவடத்தின் கனத்தைச் சரிபார்ப்பவனைப் போல இருந்தது அது.

திட்டுவானா, கெஞ்சுவானா, சிரிப்பானா என்று சின்னவன் காத்திருந்தான். அண்ணன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான்.

"எல்லாத்தையும் அங்கேயே சொல்லித் தீர்த்துட்டேனேடா."

"எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்லண்ணே."

அண்ணன் சக்கரத்திலிருந்து திருகியைக் கழற்றினான். பிறகு முக்காலியைக் காலால் அவன் பக்கம் நகர்த்தினான்.

"உக்காரு. முதல்லேர்ந்து சொல்றேன்."

சின்னவன் உட்கார்ந்தான்.

"நன்றி கெட்ட பயலே" என்று அண்ணன் ஆரம்பித்தான். பாடம் ஒப்பிப்பதுபோல் மெதுவாக, ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்திச் சொன்னான். மூன்றாவது வாக்கியத்தில் குரல் உயர்ந்தது. மாடியில் சன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.