பெருக்காத ஐந்து நாட்கள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. தங்கையின் வாயைப் பிடுங்கி எடுத்தது. அவள் பொதுச் சுகாதாரத் துறையில், நச்சுப் பொருள் பிரிவில் ஆய்வாளர். ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் இருப்பது தெரிந்தால், அது எந்த வழியாக உள்ளே போனது என்று அந்த வீட்டுக்கே போய்த் தேடுவது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். நான் மடிப்பதை நிறுத்திவிட்டேன். அதை அவள் கவனித்துவிட்டாள்.

"அக்கா, இத எழுதிடாத."

"சேச்சே."

எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: அந்தத் தெருவின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மரணத்தின் –

[வேண்டாம். தெருவின் மேல் வெயில்தான் இருந்தது.]

இரண்டாம் தொடக்கம்: மூன்று வயது வாலு, கையில் கிடைத்ததையெல்லாம் கடித்துப் பார்ப்பாள்.

இது இருக்கட்டும். வாலு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர்; சேட்டையைப் பார்த்து வைத்தது. வழக்கமான பரிசோதனையில் அவள் இரத்தத்தில் ஈயம், எச்சரிக்கை அளவைப்போல் மூன்று மடங்கு இருந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடுவாள், சிரிப்பாள். ஆனால் மூளை வளர்கிற வயதில் உள்ளே போகும் ஈயம் சத்தமில்லாமல் அதைக் கெடுக்கும். கெட்டது கெட்டதுதான், திரும்பாது. அதனால்தான் அவசரம்.

துறையின் வழக்கப்படி முதலில் கடிதம் போனது: வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டை ஆய்வு செய்ய வருகிறோம். தங்கை போனாள். சுவர்ப் பூச்சைச் சோதித்தாள், குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள், தரையில் ஒரு சதுரம் அளந்து ஈரத்தாளால் துடைத்துக் குப்பியில் போட்டாள். ஆய்வகம் எல்லாம் சுத்தம் என்றது. 'காரணம் கண்டறியப்படவில்லை' என்று கோப்பில் எழுதினாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வாலுவின் இரத்தத்தில் ஈயம் இன்னும் ஏறியிருந்தது.

3

வாலுவின் அம்மாவை எழுதுவதில் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவள் மூலையில் உட்கார்ந்து அழுதாள். அவள் கண்ணீர் அந்தத் தரையில் விழுந்து –

தங்கை இதைப் படித்துவிட்டாள். (நானேதான் காட்டினேன். எழுதியதைக் காட்டாமல் இருக்க எனக்கு வராது.)

"அவங்க அழவே இல்லக்கா. என்னைப் பிடிச்சு ஒரு பிடி பிடிச்சாங்க."

தங்கை இரண்டாம் முறை போனபோது அந்த அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாளாம்.

"போன தடவ ஒண்ணும் இல்லன்னீங்க. நம்பித்தானே இருந்தேன். உள்ள வாங்க. எங்க அழுக்கு இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

தங்கை உள்ளே போனாள். கதவின் மேல்விளிம்பில் விரலை ஓட்டினாள். விரலில் துளி தூசு இல்லை. யார் வீட்டில் கதவுக்கு மேலே துடைக்கிறார்கள்? அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"போன தடவ நாங்க வர்றதுக்கு முன்னாடி வீட்டத் தொடச்சீங்களா?"

"பின்ன? ஆபீசுலேருந்து ஆளு வர்றாங்கன்னு லெட்டர் போட்டிருக்கீங்க. போட்டது போட்டபடி விட முடியுமா? ரெண்டு நாள் தேய்ச்சேன். கட்டிலையே நகத்திட்டுத் தொடச்சேன்."

தங்கை எந்தத் தூசைத் தேடிப் போனாளோ, அதை அவள் அனுப்பிய கடிதமே வெளியேற்றியிருந்தது. மூன்று மாதம் வீணாய்ப் போனது. அந்த மூன்று மாதமும் ஒரு குழந்தையுடையது. இதைச் சொல்லும்போது தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை.

4

நானும் ஆள் வருவதற்கு முன் துடைத்துவிடுகிறவள்தான். என் கதைகளில் அடித்தல் திருத்தல் எதையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த ஒன்றில் மட்டும் அடைப்புக்குறிகளையும் பாதியில் விட்ட வாக்கியங்களையும் கிடந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். [இதை விளக்கியிருக்க வேண்டாமோ? கொஞ்சம் மேதாவித்தனமாகத்தான் இருக்கிறது.]

5

தங்கை கேட்டது இதுதான்: வாலுவை அடுத்த ஊரிலிருக்கும் அத்தை வீட்டில் விட்டுவிட வேண்டும். அதன்பின் ஐந்து நாள் பெருக்கவோ துடைக்கவோ கூடாது.

"யாராவது வந்து பாத்தா?"

"நாங்க சொன்னோம்னு சொல்லுங்க."

"அது இன்னும் கேவலம்."

ஆனாலும் செய்தாள். கை சும்மா இருக்காது என்று துடைப்பத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாளாம். (இது என் கற்பனை இல்லை. எனக்கு இவ்வளவு நன்றாக வராது.)

ஆறாம் நாள் தங்கை பத்து இடங்களில் தூசு எடுத்தாள். முடிவு வர இரண்டு வாரம் ஆனது. ஒன்பது இடங்களில் கொஞ்சம் கொஞ்சம். வாசல் கதவுக்குப் பின்னால், ஆணிக்கு நேர் கீழே மட்டும் எக்கச்சக்கம். அந்த ஆணியில் வாலுவின் அப்பாவுடைய வேலைச் சட்டை தொங்கும். படிவத்தில் அவர் தொழில் 'ஓட்டுநர்' என்று இருந்தது. வண்டியில் என்ன ஏற்றுகிறார் என்று படிவம் கேட்கவில்லை. தங்கையும் கேட்கவில்லை. உள்ளே ஈயத் தகடு இருக்கும், உடைந்த பழைய வண்டி பேட்டரிகள். ஏற்றி இறக்குவதும் அவரேதான்.

அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை. சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் வாலு ஓடிப்போய் மேலே ஏறிக்கொள்வாளாம். தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சட்டைக் காலரைக் கடித்தபடியே தூங்கிப்போவாளாம். நாள் முழுக்க பாரம் தூக்கும் மனிதர் காத்திருப்பது அந்த ஒன்றுக்குத்தான்.

6

முடிவு ஒன்று: அவர் வேலையை விட்டுவிடுகிறார். ["வாடகைய நீ குடுப்பியா?" என்றாள் தங்கை.]

முடிவு இரண்டு: முதலாளி வேலையிடத்திலேயே குளியலறை கட்டிக் கொடுக்கிறார். [தங்கை நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை.]

அதுவரைக்கும் செய்யக்கூடியதைத் தங்கை தாளில் எழ்திக் – எழுதிக் – கொடுத்தாள்: யாரையும் தொடாமல், சட்டையை வெளியிலேயே கழற்றிப் பையில் போட்டு, குளித்துவிட்டுப் பிறகு பிள்ளையைத் தூக்கவும். அவர் இரண்டு முறை படித்தாராம்.

"சரிங்க மேடம். அதுக்குள்ள அவ ஓடி வந்துட்டா?"

அப்புறம் என்ன ஆயிற்று என்று தங்கையைக் கேட்டேன்.

"எனக்கெப்படிக்கா தெரியும்? எங்க ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. அவர் வீட்டுக்கு வர்றது ஆறரைக்கு."

ஆகவே ஆறரைக்கு அங்கே இருப்பது நானும் நீங்களும்தான். மூன்று வாரம் கழித்து வாலு இன்றுதான் வீடு திரும்பியிருக்கிறாள். செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது. அம்மா அடுப்படியில் இருக்கிறாள். பிள்ளைக்கும் அப்பாவுக்கும் நடுவில் பதினைந்து அடி.

'கிட்ட வராதே' என்று அவர் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்வதா, அதட்டிச் சொல்வதா? பதினோரு முறை எழுதிப் பார்த்தேன். பத்து முறை பிள்ளை அழுதாள். ஒரு முறை அவர் ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டார். அந்தத் தாளைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, உங்களிடம் காட்டவும் தைரியமில்லை.

என்னால் முடியவில்லை. நீங்கள் வந்து அவர் இடத்தில் நில்லுங்கள். சட்டை உங்கள் மேல் இருக்கிறது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவள் ஓடி வருகிறாள். சொல்லுங்கள், சீக்கிரம்.