மூன்றாவது உறுப்பினர்

“எங்க கிளம்பிட்ட?” குடியிருப்போர் சங்கத் தலைவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“கமிட்டிக்கு,” என்றாள் மனைவி, செருப்பை மாட்டியபடி.

அரசுக் குடியிருப்பில் வீடு பறிபோனவர்களின் மேல்முறையீட்டை விசாரிக்க அரசு ஒரு குழு அமைத்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு பொறியாளர், குடியிருப்பிலிருந்து சங்கம் அனுப்பும் ஒரு பெண். சங்கத்திலோ பெண் வாடையே கிடையாது. ஆண்கள் கூடி, டீ குடித்து, தலைவரின் மனைவியை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. பேர் அவளுக்கு, நாற்காலி அவருக்கு என்று ஏற்பாடு. வெட்கங்கெட்ட ஏற்பாடு.

“பேருக்குத்தானேடி போட்டோம்! நான் போய்க்கிறேன்.”

“இன்னைக்கு யாரு கேஸு?”

அவர் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தார். மாடி வீட்டுத் தையல்காரியின் வழக்கு அது. புருஷன் செத்ததும், ஆண் இல்லாத குடும்பத்துக்கு ஒதுக்கீடு இல்லையென்று வீட்டு வசதி வாரியம் அவளைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. புகார் கொடுத்ததே சங்கம்தான்.

“ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கிட்டு அவ எங்கங்க போவா?”

“ஆம்பளத் துணை இல்லாதவ இருந்தா நமக்குத்தான் கெட்ட பேரு.”

“நாளைக்கு நீங்க போயிட்டா, எனக்கும் அதே பேருதானா?”

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

அவள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, மூன்றாவது நாற்காலியில் அவர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் தையல்காரி தலை குனிந்திருந்தாள்.

“மனு குடுத்தவங்க அந்தப் பக்கம் உட்காருங்கம்மா,” என்றார் நீதிபதி.

“நான் மூணாவது உறுப்பினர்ங்க.”

“அவங்களுக்கு உடம்பு சரியில்லன்னு இவர் சொன்னாரே?”

“எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. எங்க வீட்டுக்காரரக் கொஞ்சம் எழுந்திரிக்கச் சொல்லுங்க.”

பொறியாளர் இருமினார். தலைவர் எழுந்தார். வெளியே போகும்வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பொறியாளர் வாரியத்தின் பக்கமே பேசினார். நீதிபதி தயங்கினார். அவள் தயங்கவில்லை. “குடும்பம்னா அங்க குடியிருக்கறவங்கதானேங்க? செத்துப்போன மனுஷனா இனி அந்த வீட்டுல குடியிருக்கப் போறாரு?” என்று கேட்டாள். நீதிபதி நெடுநேரம் பேனாவை உருட்டிவிட்டு அவள் பக்கம் சேர்ந்தார். தையல்காரிக்கு வீடு நிலைத்தது.

இரவு தலைவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் குமுறினார். “ஊரு முன்னால என் மானத்த வாங்கிட்டியே! இத நான் எங்க போய்ச் சொல்றது?”

“மேல்முறையீடு பண்ணுங்க,” என்றாள் அவள், தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே. “நாங்க விசாரிக்கிறோம்.”