பெட்டி சாயாமல்

அண்ணனின் கறுப்பு டையை இறுக்கிவிட்டபடியே ஜூடித் தேவாலய வாசலைப் பார்த்தாள். அப்பாவை அடக்கம் செய்யும் நாள். மழை விட்டிருந்தது. சுவரோரம் தனியாக நின்றான் ரெஜ் வோத்தியே, அப்பாவின் உருளைக்கிழங்குப் பண்ணையில் டிராக்டர் பழுதுபார்ப்பவன்.

"வந்துட்டான் பாரு பங்காளி," என்றான் க்ளெமென்ட். "அவன் யாருன்னு எல்லார் முன்னாடியும் இங்கயே சொல்லிடறேன்."

அப்பா படுக்கையில் கிடந்தபோதே வழக்கு தொடங்கிவிட்டது. குடும்பச் சொத்துக்கான டிரஸ்ட் பத்திரத்தில் ரெஜ்ஜையும் தன் மகன் என்று எழுதி, அவனுக்கும் ஒரு பங்கு வைத்திருந்தார். அதை உடைக்க க்ளெமென்ட் நீதிமன்றம் போனான். கதவை மூடி விசாரிக்க வேண்டும், ஆவணங்கள் வெளியே கசியக் கூடாது என்று ஜூடித் மனுப் போட்டு உத்தரவும் வாங்கினாள். ஜெர்சித் தீவு சின்னது. காலையில் நீதிமன்றத்தில் பேசுவது மதியம் மீன்கடைக்கு வந்துவிடும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. ஜூடித்துக்கு வேண்டியது அவ்வளவுதான். இனித் தீர்ப்பில் பெயர்களுக்குப் பதில் எழுத்துகள்தான்: அண்ணன் 'ஏ', அவள் 'பி', ரெஜ் 'சி'.

"தாராளமா சொல்லு," என்றாள். "உத்தரவை மீறினவன் பேரை மட்டும் பேப்பர்ல முழுசாப் போடுவாங்க. உன் படகு கிளப்ல சத்தமா வாசிக்கட்டும்."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்டி."

"படிச்சவருக்கு ஃபீஸ் குடுத்தேனே, போதாதா?"

சடங்கை நடத்துபவர் தயங்கியபடி வந்தார். "பெட்டியத் தூக்க ஒரு ஆள் குறையுது சார். உங்க சித்தப்பாவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சாம். முன்னாடி உங்க உயரத்துக்கு ஜோடி வேணும், இல்லன்னா பெட்டி சாயும்."

"ரெஜ்ஜக் கூப்பிடுங்க," என்றாள் அம்மா, குடையை மடக்கிக்கொண்டே.

"அவரு எதுக்கும்மா..." ஜூடித் குறுக்கிட்டாள்.

"உயரம் சரியா இருக்கும். சின்னப் பையனா இருந்தப்பலேருந்து பாத்துட்டுத்தானே இருக்கேன்."

அம்மா குடையை ஜூடித்தின் கையில் கொடுத்துவிட்டு, ரெஜ்ஜைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ரெஜ் தொப்பியைக் கழற்றிச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தான். பெட்டி தோளேறியது. தூக்குபவர்கள் அதன் அடியில் ஜோடி ஜோடியாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ரெஜ்ஜின் கை க்ளெமென்ட்டின் தோளுக்குப் போயிருந்தது. க்ளெமென்ட்டின் கை சற்று நேரம் வெறுமனே தொங்கியது.

பிறகு அதுவும் உயர்ந்தது. பெட்டி எந்தப் பக்கமும் சாயாமல் உள்ளே போனது.