ஒரே மரத்து மாங்காய்

கம்பெனி டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் மூன்று பெண்கள் காலையிலிருந்து காத்திருந்தார்கள். நடுவில் அம்மா. இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரில் அவளுக்கு நாலொங்கோ என்றுதான் பெயர். சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தது போல இரண்டு மகள்கள், பபிரியேயும் நகாத்தோவும்.

சந்தையில் கரும்பு விற்கும் நகாத்தோ ஒரு துண்டை முன்பல்லால் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். மூத்தவள் பபிரியே வாயை மூடி மூக்கால் மூச்சுவிட்டாள். காற்றுப் பட்டாலே பல் கூசியது.

பாட்டரித் தொழிற்சாலையின் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கூடத்தில் அவளுக்கு ஒன்பது வருடம். தொட்டிகளில் ஆசிட் குமிழிவிடும். குமிழி வெடித்தால் புளித்த புகை எழும்பி முகத்தில் படியும். கம்பெனி தரும் முகமூடி மாதத்துக்கு ஒன்று. மூன்றாம் நாளே நைந்துவிடும். அதனால் கூடத்தில் எல்லாரும் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, நழுவாமலிருக்க அதன் முனையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். புகை துணியில் இறங்கும். துணி நாள் முழுக்கப் பல்லில் இருக்கும். இப்போது முன்பற்கள் கரைந்து, பபிரியே வாயை எவ்வளவு இறுக்கினாலும் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும்.

வேலையால் வந்தது என்று டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும். வைத்தியச் செலவு கம்பெனியுடையது. பாக்கிங் பக்கம் மாற்றியும் விடுவார்கள். போன தடவை அவர் பரம்பரை என்றார், புளிப்புப் பழம் தின்றதாலும் இருக்கும் என்றார். அதனால்தான் இன்று குடும்பத்தோடு வந்திருக்கிறாள்.

உள்ளே டாக்டர் நகாத்தோவின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். குறையே இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே மரத்துலதான் மாங்கா தின்னோம், டாக்டர்," என்றாள் நகாத்தோ. "நான்தான் அதிகம். இவ கிளையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா, அவ்வளவுதான்."

இரட்டையரானாலும் பல்லைக் காக்கிற எச்சில் ஒன்றுபோல இருக்காது, பரம்பரை ஒருத்தியைப் பிடிக்கும், ஒருத்தியை விடும் என்றார் அவர். பிறகு பபிரியே நிரப்பிய படிவத்தைத் தட்டிக் காட்டினார். "உங்கம்மாவுக்கும் முன்பல் இல்லைன்னு நீயேதானேம்மா எழுதியிருக்கே."

படிவத்தில் கேட்டிருந்தது, அவள் உண்மையை எழுதிவிட்டாள்.

நாலொங்கோ வாயை மறைத்திருந்த கையை எடுத்தாள்.

"இதே சார்ஜ் கூடத்துலதான் பல்லு போச்சு, டாக்டர். பதினோரு வருஷம், மூணாவது தொட்டி. நான் நின்ன இடத்துலதான் இவளை நிறுத்தினாங்க. அப்ப அந்தத் தொட்டிதான் எங்க பரம்பரை. அதையும் எழுதிக்குங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். அந்தக் காலத்துப் பதிவேடு தன்னிடம் இல்லை என்றார். அப்புறம் குனிந்து எழுதினார். பபிரியே தலைகீழாகவே வாசித்தாள்: தாய்க்கும் இதே கோளாறு உண்டு.

கூடத்து மேஸ்திரி கிவும்பி வந்து தாளை வாங்கிப் பார்த்தார். பல் இப்படியானவளைக் கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாது, வேலையால் வந்ததல்ல என்பதால் பாக்கிங்கும் கிடையாது என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். பபிரியேயின் கையிலிருந்த நீல வேலைக் கோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தன் மூன்று பிள்ளைகளுக்கும் அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் பார்வை நகாத்தோவின் பக்கம் திரும்பியது.

"டாக்டர், இவ பல்லு நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

"ரொம்ப நல்லா இருக்கு."

கிவும்பி சிரித்தார். "நாலொங்கோ, இரட்டைப் பிள்ளைல மூத்தவளுக்குக் கொடுத்ததை இளையவளுக்கும் கொடுக்கணும், அதானே நம்ம வழக்கம்? திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லுங்க."

கோட்டை நகாத்தோவின் மடியில் வைத்துவிட்டுப் போனார். அளவு பார்க்க வேண்டியிருக்கவில்லை. முன்பக்கமெல்லாம் ஆசிட் தின்ற பொத்தல்கள். யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. நகாத்தோ கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். அக்காவின் முகத்துணி அகப்பட்டது. கடித்துக் கடித்து மஞ்சளேறிய அதன் முனை, தொட்டதும் விரலில் பொடியாக உதிர்ந்தது.