மணிக்கட்டில் வராத அழுத்தம்

கார்காலம் ஓய்ந்து, குளிரும் தூறலுமான கூதிர்காலம் தொடங்கியிருந்தது. பெய்வதா விடுவதா என்று துணியாத வானம், நகரின் கூரைகள்மேல் கனத்துத் தாழ்ந்து நின்றது. சுவர்களில் ஈரம் ஊறியது. வாடைக்காற்று சந்துகளில் யாரையோ தேடுவதுபோல் அலைந்தது. காத்திருத்தலே அந்தப் பருவத்தின் இயல்பாயிருந்தது.

மல்யுத்த அரங்கினுள்ளும் காத்திருப்புதான். 'இரும்பன்'மேல் 'கழுகு' கொண்ட பகை மூன்றாண்டு வளர்ந்து, இன்று மாலை முடியவேண்டும். பகையெல்லாம் மேடைக்குத்தான்; வீட்டில் இரும்பன் கழுகின் அக்காள் கணவர். முன்பே எழுதிவைத்தபடி நடக்கும் இந்த ஆட்டத்தின் கதாசிரியர் முடிவையும் வகுத்திருந்தார்: கழுகு தன் மாமாவைத் தோளில் தூக்கித் தலைகீழாய் எறிவான், வெற்றிப் பட்டத்துக்குரிய கச்சை அவன் இடுப்புக்கு வரும். பத்தாண்டு பிறர் வெல்வதற்காகத் தோற்றுக்கொடுத்தவனுக்கு வாய்த்த ஒரே வாய்ப்பு.

ஆட்டம் கனன்றது.

"வாடா பொடியா, பால் குடிச்சிட்டு வந்தியா?" என்று உறுமினார் இரும்பன்.

"உங்களுக்கு மாத்திரை நேரம் தாண்டிடுச்சு, பெரியவரே!"

கூட்டம் கூரை அதிரச் சிரித்தது. கழுகு அவரைத் தோளில் ஏற்றினான்.

மல்லர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தூக்கப்பட்டவர், தூக்கியவன் மணிக்கட்டை ஒருமுறை அழுத்துவார். 'நலமாயிருக்கிறேன், எறி' என்று பொருள். கழுகு காத்திருந்தான். அழுத்தம் வரவில்லை. அவர் விரல்கள் நனைந்த துணிபோல் அவன் கையில் கிடந்தன.

"எறி! எறி!" என்று ஆர்ப்பரித்தது அரங்கம்.

அவன் கால் இடறியவன்போல் மண்டியிட்டான். மெல்ல மல்லாந்து, மாமாவைத் தன் மார்பின்மேல் ஏந்திக்கொண்டான். மூன்று எண்ணும்வரை தோள் தரையில் கிடந்தால் தோல்வி; திருதிருவென விழித்த நடுவர், வேறு வழியின்றி மூன்று எண்ணினார். தோற்கவேண்டியவர் வென்றுவிட்டார்.

திரைக்குப் பின்னால் கதாசிரியர் தலையிலடித்துக்கொண்டார். "மூணு வருஷம் ஊதி ஊதி வளர்த்த நெருப்புடா! தூங்குற பிள்ளைய இறக்கி விடுற மாதிரி விட்டுட்டியே! இனி உனக்கு எவன் பட்டம் குடுப்பான்?"

இரும்பனும் சீறினார். "ஏன் மாப்ள எறியல? நான்தான் அழுத்தினேனே!"

"இல்ல மாமா. நீங்க அழுத்தல."

அவர் தம் வலக்கையைப் பார்த்தார். மடக்க முயன்றார். விரல்கள் மடங்கவில்லை.

மருத்துவமனையில் ஸ்கேன் படம் பார்த்த மருத்துவர் சொன்னார்: "கழுத்து நரம்பு நசுங்கியிருக்கு. இன்னிக்குத் தலைகீழா விழுந்திருந்தா, கழுத்துக்குக் கீழ அசைவே இருந்திருக்காது. இப்ப பயமில்ல, குணப்படுத்திடலாம்."

"விரல் மரத்துப்போகுதுன்னு என்கிட்டகூட மறைச்சிருக்காரே!" என்ற அக்கா நாற்காலியில் சரிந்தாள், அழுகையினூடே சிரிப்பும் வந்துவிட்டது. "பட்டமாம் பட்டம்!"

கழுகும் அந்தப் பட்டத்தை நினைத்துப் பார்த்தான். தன் இடுப்பு இத்தனை இலேசாய் என்றும் இருந்ததாக அவனுக்கு நினைவில்லை.

கட்டிலில் மாமா இன்னும் மேடைக் காலணியோடு கிடந்தார். கழுகு மண்டியிட்டு, நாடாக்களை ஒவ்வொன்றாய் அவிழ்த்துக் கழற்றினான். அந்தப் பாதங்களில் ஒரு கணம் நெற்றியை வைத்து, காத்தருளிய இறைவனை வணங்கினான்.

இரும்பன் இடக்கையால் தம் மரத்த வலக்கையைத் தூக்கி, அவன் தலைமேல் வைத்தார்.

"நீயும் உன் தோளும் நூறு வருஷம் நல்லா இருக்கணும், மாப்ள."